டிஜேவுக்கு ஒரு காது, மிக்ஸிங்குக்கு இரண்டு காது

நான் முதன்முதலில் சொந்தமாக ஒரு பாட்டு மிக்ஸ் செய்தபோது, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்தபோது, என்னிடம் இருந்தது, பாட்டுக் கேட்பதற்காக வாங்கிய ஒரு ஹெட்போன்தான். பேஸ் அதில் அதிரும். மூன்று ராத்திரி உட்கார்ந்து வேலை செய்தேன். காலால் அடிக்கும் கிக் டிரம் தூக்கலாகத் தெரிந்தது, குறைத்தேன். பேஸ் கிட்டார் குரலை மூடியது, அதையும் குறைத்தேன். கடைசியில் எல்லாம் சமமாக இருப்பதாகப் பட்டது. மறுநாள் மாமா பையனின் காரில் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாயிருக்கு, ஆனா கீழ ஒண்ணுமே இல்லையேடா" என்றான். உண்மைதான். அந்த ஹெட்போன் தன் பங்குக்கு பேஸைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அது கூட்டியதை நான் பாட்டிலிருந்து கழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். காரில் அந்த ஹெட்போன் இல்லை, நான் கழித்தது மட்டும் மிஞ்சியது.

அந்த ஹெட்போன் மேல் தப்பில்லை. பஸ்ஸில் பாட்டுக் கேட்க அது அருமையானது. அதனால் முடியாத வேலையை நான் அதனிடம் வாங்கப் பார்த்தேன். ஆகவே, 'எது நல்ல ஹெட்போன்' என்று தேடத் தொடங்கும் முன் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் காதில் மாட்டிக்கொண்டு நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? டிஜே கண்டுபிடிக்க வேண்டியது வேறு, மிக்ஸ் செய்கிறவர் கண்டுபிடிக்க வேண்டியது வேறு. பெட்டியின் மேல் 'டிஜே', 'ஸ்டுடியோ', 'மானிட்டர்' என்று அச்சடித்திருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த வார்த்தைகளை எந்தக் கம்பெனியும் போட்டுக்கொள்ளலாம்.

சத்தத்துக்கு நடுவே இன்னொரு பாட்டு

கூட்டத்துக்கு ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டை டிஜே தன் காதில் மட்டும் கேட்டுத் தயார் செய்கிறார். பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிதான் மிக்சர். அதில் ஒவ்வொரு பாட்டும் வரும் வழிக்கு, அதாவது சேனலுக்கு, 'கியூ' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் அந்தச் சேனலின் ஒலி ஹெட்போனுக்கு வரும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் குமிழான ஃபேடரை ஏற்றாதவரை கூட்டத்துக்கு அது கேட்காது. 1960களின் கடைசியில் நியூயார்க்கில், பழைய சர்ச் கட்டடம் ஒன்றில் நடந்த சாங்சுவரி கிளப்பில், டிஜே ஃபிரான்சிஸ் கிராசோ ஹெட்போனை வைத்துக்கொண்டு இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தைச் சேர்த்து ஓட்டினார். 1970களில் அதே நகரின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், கூட்டத்துக்குக் கேட்காமல் அடுத்த தட்டைத் தான் மட்டும் கேட்க ஒரு சுவிட்சைத் தானே அமைத்துக்கொண்டார். அதற்கு 'பீகபூ' என்று பேர் வைத்தார். இன்று லேப்டாப்பில் செருகும் சின்ன கன்ட்ரோலரில் இருக்கும் கியூ பட்டனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

காதுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓடுகிற பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 124 அடி. அடுத்த பாட்டு 126. முதல் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 484 மில்லி செகண்ட், இரண்டாவதில் 476. இரண்டையும் மிகச் சரியாக ஒரே அடியில் தொடங்கினாலும், ஒவ்வோர் அடிக்கும் சுமார் 8 மில்லி செகண்ட் விலகும். முதல் இரண்டு அடியில் ஒன்றும் தெரியாது. நாலு அடி தாண்டும்போது விலகல் 30 மில்லி செகண்ட் ஆகியிருக்கும். 'தும்' என்று ஒன்றாக விழுந்த கிக் இப்போது 'த்தும்' என்று தடித்துக் கேட்கும். பதினாறு அடி போனால் விலகல் 120ஐத் தாண்டி, 'துதும் துதும்' என்று குதிரை ஓடுவதுபோல் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தப் பாட்டைக் கூட்டத்துக்குத் திறந்துவிடும் முன்னால், டிஜே இந்தத் தடிப்பைத் தன் காதிலேயே பிடித்துவிட வேண்டும். ஒரு காதில் ஹெட்போன், மற்றக் காது ஸ்பீக்கரிடம். தடிப்பு தொடங்குவது தெரிந்ததும் பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை இம்மி நகர்த்துகிறார்.

'சிங்க் பட்டனை அழுத்தினால் மென்பொருளே சேர்த்துவிடுமே' என்று கேட்கலாம். கணினியில் உருவான பாட்டுக்குப் பெரும்பாலும் சேர்த்துவிடும். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் ஒரு நூல் மாறியிருக்கும். மென்பொருள் கோடு போட்டுக் காட்டும் இடத்தில் தாளம் இருக்காது. அங்கே காதை விட்டால் வேறு வழி கிடையாது.

இந்த வேலைக்கு ஹெட்போன் அழகாக ஒலிக்க வேண்டிய அவசியமே இல்லை. கிக்கும், டிரம் செட்டில் ஜால்ராபோல ஒலிக்கும் ஹை-ஹாட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும், வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைபட வேண்டும், சத்தத்தை ஏற்றினாலும் உடையாமல் ஒலிக்க வேண்டும். காதை மூடும் கப் ஒன்றையாவது காதிலிருந்து பின்னால் திருப்பிவிட முடிய வேண்டும். தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிப் பிடித்தாலும், மேசையிலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும்.

சென்ஹைசரின் ஹெச்டி 25ஐ உலகம் முழுக்க டிஜேக்கள் இன்னும் வைத்திருப்பது இதனால்தான். 1988இல் வந்த மாடல். செய்தி சேகரிக்கப் போகும் ஒலிப்பதிவாளர்களும் கேமராக்காரர்களும் மாட்டிக்கொண்டு திரிந்தது. கேபிளை விட்டால் எடை 140 கிராம்தான். தலைப்பட்டை இரண்டாகப் பிரியும், பிரித்து மாட்டினால் இறுக்கமாக உட்காரும். கேபிள், காதில் படும் மெத்தையான பேட், பட்டை, கப்புக்குள் ஒலியை உண்டாக்கும் ஒலிப்பான் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஒரு குறை: அது காதைச் சுற்றி உட்காராது, காதின் மேலேயே அழுத்தும். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வலிக்கும். ஒரு காதில் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிற டிஜேவுக்கு அது பெரிதாகத் தெரியாது. எட்டு மணி நேரம் மிக்ஸ் செய்கிறவருக்கு அதுவே தண்டனை.

பாடகர் காதில் மாட்டுவது

பாட்டு தயாரிப்பில் முதல் வேலை பதிவு. பாடுகிறவர் இசையையும், தாளம் தவறாமலிருக்க ஓடும் 'கிளிக்' ஒலியையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு மைக்குக்கு முன் நிற்கிறார். அந்தக் கிளிக் ஹெட்போனிலிருந்து கசிந்தால் மைக் அதையும் வாங்கிக்கொள்ளும். இசை முழங்கும்போது தெரியாது. பாட்டு முடியும் இடத்தில் இசை அடங்கி, பாடகர் கடைசி வார்த்தையை மூச்சாக விடுவார் பாருங்கள், அங்கே பின்னால் 'டிக், டிக், டிக்' என்று கேட்கும். அதை அழிக்கப் போனால் மூச்சும் சேர்ந்து போகும். ஆகவே பதிவுக்கு, பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு-பேக் ஹெட்போன்தான். சோனி எம்டிஆர்-7506 இதற்குப் பேர் போனது. 1991இல் வந்தது, வானொலி நிலையங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். உச்ச ஒலிகளைக் கொஞ்சம் கூர்மையாகக் காட்டும். பாடகரின் 'ஸ' சீறுவதையும், மைக்கில் காற்று அடிப்பதையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பதிவின்போது நமக்கு வேண்டியதும் அதுதான்.

மிக்ஸிங்: உள்ளதை உள்ளபடி

மிக்ஸ் செய்கிறவருக்கு வேண்டியது, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற ஹெட்போன். இதைத்தான் 'ஃப்ளாட்' என்கிறார்கள். முழுக்க ஃப்ளாட்டான ஹெட்போன் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவர் காது மடலும் ஒரு வடிவம், அதில் ஒலி பட்டு மாறித்தான் உள்ளே போகிறது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் பலரை உட்காரவைத்துக் கேட்கச் செய்து ஆய்வு செய்தார்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர்போல ஒலிக்கும் ஹெட்போனைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள் என்று தெரிந்தது. நாம் தேட வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான்.

இங்கேதான் ஓப்பன்-பேக் வருகிறது. மூடிய கப்பில் ஒலிப்பானின் பின்பக்க ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளே முட்டித் திரும்பும். அடைத்த அறைக்குள் பேசுவதுபோல ஒரு நெருக்கம் வந்துவிடும். பின்பக்கத்தைக் கம்பி வலையாக விட்டால் அந்த ஒலி வெளியே போய்விடும், பாட்டு காற்றோட்டமாக ஒலிக்கும். 1968இல் சென்ஹைசர் கொண்டுவந்த ஹெச்டி 414தான் விற்பனைக்கு வந்த முதல் ஓப்பன் ஹெட்போன். மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்தது. அந்த வழியில் 1997இல் வந்த ஹெச்டி 600ஐ மிக்ஸிங் செய்கிறவர்கள் இன்றும் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வலை வழியாக ஒலி வெளியே போனால், வெளிச்சத்தமும் உள்ளே வரும். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, பக்கத்து அறையில் டிவி, வாசலில் காய்கறி வண்டி என்றிருக்கும் வீட்டில் ஓப்பன்-பேக்கின் அருமை பாதி போய்விடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வேலை செய்கிறவர்களுக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். மற்றவர்கள் முதலில் நல்ல க்ளோஸ்டு-பேக்கையே எடுப்பது நல்லது.

ஹெட்போனில் மட்டும் மிக்ஸ் செய்கிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால், இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கும் வரும், சற்றுத் தாமதமாக வலது காதுக்கும் வரும். ஹெட்போனில் இடது என்றால் இடது காதோடு சரி. அதனால் ஒரு கிட்டாரை முழுக்க இடப்பக்கம் தள்ளினால் ஹெட்போனில் அது காதுக்குள் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும், ஸ்பீக்கரில் அத்தனை தூரம் போயிருக்காது. எதிரொலியும் அப்படித்தான். ரிவெர்ப் கொஞ்சம் போட்டாலே ஹெட்போனில் தெளிவாகத் தெரிவதால், நாம் போதும் என்று நிறுத்திவிடுவோம். ஸ்பீக்கரில் பாட்டு வறண்டு கிடக்கும். சுமாரான ஸ்பீக்கராக இருந்தாலும் சரி, கடைசியில் ஒரு தடவை அதில் போட்டுக் கேட்காமல் பாட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

தொடங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிலைமை இதுதான். என் தீர்ப்பு: பின்பக்கம் மூடியது, காதைச் சுற்றி உட்காருவது, ஓரளவு நேர்மையாக ஒலிப்பது, கேபிளைக் கழற்றி மாற்ற முடிவது. ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் இந்த நாலுக்கும் பொருந்தும். கப் திரும்பும், ஆகவே டிஜே வேலைக்கும் கொண்டுபோகலாம். பேஸ் கொஞ்சம் தூக்கல்தான், அது தெரிந்துவிட்டால் சமாளிக்கலாம். பயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் துணி பேட் நாள் முழுக்க மாட்டினாலும் உறுத்தாது. ஆனால் கப் திரும்பாது என்பதால் டிஜேவுக்கு அவ்வளவு வசதியில்லை. மிக்ஸிங்தான் முக்கியம், டிஜே எப்போதாவது என்றால் தாராளமாக எடுக்கலாம். வாரம் மூன்று நிகழ்ச்சி வாசிக்கிறவர் என்றால் டிஜே ஹெட்போனை முதலில் வாங்குங்கள். மிக்ஸிங் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓம் என்றால் என்ன?

விவரத்தாளில் '32 ஓம்', '250 ஓம்' என்று போட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அந்த ஹெட்போன் காட்டும் தடை. இது தரத்தின் அளவு இல்லை. ஓம் கூடினால் அதே சத்தம் வருவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அவ்வளவுதான். டிடி 770 ப்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வந்தது. அதிக நம்பர் நல்லது என்று நினைத்து 250 ஓமை வாங்கி வந்து மொபைலில் செருகினால், வால்யூமை முழுக்க ஏற்றினாலும் சத்தம் முனகலாகத்தான் வரும். ஹெச்டி 600 இன்னும் மேலே, 300 ஓம். அதற்கு, கணினியோடு மைக்கையும் ஹெட்போனையும் இணைக்கும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸோ தனி ஆம்ப்ளிஃபயரோ வேண்டும். எம்50எக்ஸ் 38, எம்டிஆர்-7506 63, ஹெச்டி 25 70 ஓம். இவை லேப்டாப்பிலும் டிஜே மிக்சரிலும் சிரமமில்லாமல் ஒலிக்கும். ஓமோடு சென்சிடிவிட்டி என்ற எண்ணையும் பாருங்கள். கொடுக்கிற மின்சாரத்துக்கு எத்தனை டெசிபெல் சத்தம் தரும் என்பதை அது சொல்லும். டிஜேவுக்கு அது கூடுதலாக இருப்பது நல்லது.

'5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியைக் கண்டுகொள்ள வேண்டாம். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 வரைதான் எல்லை, வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். அந்த எல்லைக்குள் எந்த இடத்தை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் விஷயம். அதை அந்த வரி சொல்லாது.

ப்ளூடூத்

இரண்டு வேலைக்கும் வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு நேரம் பிடிக்கும். சாதாரணமாக 100 முதல் 200 மில்லி செகண்ட், சிலவற்றில் அதற்கும் மேல். மேலே பார்த்த கணக்கை நினைத்துப் பாருங்கள். 30 மில்லி செகண்டிலேயே தாளம் தடிக்கத் தொடங்கிவிட்டது. கீபோர்டில் விரலை வைத்துவிட்டு ஒலி எப்போது வரும் என்று காத்திருந்தால் வாசிக்கவே முடியாது. தாமதம் குறைவாக இருக்கும்படி தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் வயர்லெஸ் ஹெட்போன்களும் இருக்கின்றன. முதல் ஹெட்போனுக்கு அந்தச் செலவு தேவையில்லை. சத்தம் தடுக்கும் நாய்ஸ் கேன்சலிங்கும் மிக்ஸிங்குக்கு ஆகாது, அது ஒலியில் கை வைக்கும்.

கேபிள், பேட், பின்

டிஜேவுக்குச் சுருள் கேபிள் வசதி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், காலில் மாட்டாது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு நேர் கேபிள் போதும். டிஜே மிக்சர்களிலும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களிலும் பெரும்பாலும் 6.35 மில்லிமீட்டர் பெரிய பின்தான் போகும். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்புகளை இணைக்கச் செருகிய பின்னின் வாரிசு அது. ஹெட்போனோடு வரும் சின்ன அடாப்டர் திருகி மாட்டும் வகையாக இருக்கட்டும். வெறுமனே செருகும் வகை மிக்சரிலேயே தங்கிப்போய்விடும். நிகழ்ச்சிக்குப் போகிறவர் பையில் ஒன்று கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

பேட் விஷயத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தை மறக்கக் கூடாது. செயற்கைத் தோல் வியர்வையில் ஊறி, இரண்டு வருஷத்தில் கருப்புச் செதிலாகக் காதில் ஒட்டும். மாற்று பேட் எளிதில் கிடைக்கும் மாடலா என்று வாங்கும்போதே பாருங்கள். கம்பெனி பேட்டுக்குப் பதில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பேட்டை மாட்டினால் ஒலிப்பானுக்கும் காதுக்கும் இடையே தூரம் மாறும், பேஸும் மாறும். நீங்கள் பழகிய ஹெட்போன் அதற்குப் பிறகு வேறு ஹெட்போன். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கினால் அந்த இடைவெளி வழியாக பேஸ் போய்விடும்.

கடையில் கேட்கும்போது

உங்களுக்கு மனப்பாடமான நாலு பாட்டை நல்ல தரத்தில் மொபைலில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டு வேண்டாம். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைக் காது எப்போதும் 'இது நல்லது' என்றே சொல்லும். மிக்ஸிங்குக்குத் தேடினால், மாட்டியவுடன் 'ஆஹா' என்று தோன்றுகிற ஹெட்போனைச் சந்தேகப்படுங்கள். பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி வைத்தால் முதல் ஐந்து நிமிடம் ஆஹாதான். பத்துப் பதினைந்து நிமிடம் மாட்டிக்கொண்டே இருந்து, தாடையும் காது மடலும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த அளவுப்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். டிஜே மேடையில் 100 என்பது சாதாரணம். நன்றாக அடைக்கும் ஹெட்போனை வாங்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். வெளிச்சத்தம் எவ்வளவு அடைபடுகிறதோ அவ்வளவு குறைவாகக் கியூவை வைத்துக் கேட்கலாம். திறந்திருக்கும் மற்றக் காதுக்கு இசைக்காரர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்குச் சத்தம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

மிக்ஸிங்கிலும் வால்யூமை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சத்தம் குறையும்போது காதுக்கு பேஸ் இன்னும் அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவில் வால்யூமை வைத்து, குமிழில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

புது ஹெட்போன் வந்ததும் முதல் ஒரு வாரம் எதையும் மிக்ஸ் செய்யாதீர்கள். உங்களுக்குப் பிடித்த, நன்றாக மிக்ஸ் ஆன பாட்டுகளை அதில் கேளுங்கள். கிக் எங்கே உட்கார்ந்திருக்கிறது, குரல் இசைக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது, 'ஸ' எவ்வளவு சீறுகிறது என்று கவனியுங்கள். அதே பாட்டுகளைக் காரிலும் வீட்டு டிவியிலும் போட்டுப் பாருங்கள். இந்த ஹெட்போனில் பேஸ் இவ்வளவு கேட்டால் காரில் இவ்வளவு கேட்கும் என்ற கணக்கு மெல்ல மனதில் படியும். அதற்குப் பிறகு உங்கள் பாட்டைத் திறந்து, முதலில் கிக்கைச் சரி செய்யுங்கள்.